சம்பவ இடத்திலேயே

இந்தாங்க சார், ஆரஞ்சு எடுத்துக்குங்க. கூச்சப்படாதீங்க. காலையில மதுரையில வாங்கிட்டுப் போனது, பையப் பிரிக்காம அப்படியே மதுரைக்குத் திரும்பி வருது. நான் சக்கரைக்காரன், திங்கக்கூடாது. சிவகாசியில ஒரு வீட்டுக்குக் கொண்டு போனேன். 'வேணாண்ணே, எடுத்துக்கிட்டுப் போங்க'ன்னு கையில திருப்பிக் குடுத்துட்டா. முப்பது வருஷத்துக்கு மேல நான் போய் வர்ற வீடு சார் அது. இன்னிக்கு, இனிமே வராதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டா.

நீங்க எங்க இறங்கணும், திருமங்கலமா? அப்ப நேரம் கிடக்கு. சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் என்ன தப்புப் பண்ணேன்னு.

எனக்கு ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். இருக்கறது ஹைதராபாத். வேலை சென்ட்ரல் கவர்மென்ட்ல. என்ன வேலைன்னு யாராவது கேட்டா அந்தக் காலத்துல அதோட நிறுத்திக்குவேன். எங்கப்பா சாகற வரைக்கும் என் மகன் தபாலாபீஸ்ல இருக்கான்னுதான் ஊர்ல சொல்லிக்கிட்டிருந்தாரு. இப்ப சொல்லலாம். இப்பத்தான் குடியரசு தினத்துக்கு அதையே லாரியில ஏத்தி டில்லி ரோட்டுல ஊர்வலம் விடறானே, டிவியில பச்சப் பிள்ளகூட பாக்குது. அதான் சார், ஏவுகணை. நாமளே சொந்தமா செஞ்சு காட்டணும்னு நாடு இறங்குனப்ப சேர்ந்தவன் நான். சயின்டிஸ்ட்டெல்லாம் இல்ல, டெக்னீஷியன். கேட்ட சாமான வெளிநாட்டுக்காரன் குடுக்க மாட்டேன்னுட்டான். குடுக்காட்டிப் போடான்னு நாங்களே செஞ்சோம். அப்ப எங்களுக்கு இருந்த வெறி இப்ப உள்ளவங்களுக்குச் சொன்னாப் புரியாது.

என்கூட அதே பிரிவுல இருந்தவன் காளிராஜன். சிவகாசிக்காரன். என்னவிட ரெண்டு மூணு வயசு சின்னவன். ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ். எங்க பிரிவுல தமிழ் பேச வேற ஆளு கிடையாது, அதனால வாடா போடான்னு ஒட்டிக்கிட்டோம்.

எங்க பிரிவுல செஞ்சது எரிபொருள். திட எரிபொருள். மாவு பிசையற மாதிரி பெரிய மிக்ஸர்ல பிசைஞ்சு, குழாய்க்குள்ள ஊத்தி, நாள்கணக்குல இறுக விட்டா ரப்பர் மாதிரி ஆயிடும். பாத்தா ஒண்ணும் தெரியாது, செருப்புக்கு அடி தைக்கலாம் போல இருக்கும். காளி அத மருந்துன்னுதான் சொல்லுவான். பட்டாசுக்கு அடைக்கறத அவங்க ஊருல மருந்துன்னுதானே சொல்றது. இவ்வளவு பெரிய ராக்கெட்ட வெச்சுக்கிட்டு, 'லிங்கம், இன்னிக்கு மருந்து நல்லாப் பிடிச்சிருக்குடா'ம்பான். சிரிப்பா வரும்.

அந்த ரூமுக்குள்ள போறதுக்குச் சட்டம் இருக்கு. பருத்தித் துணிதான் போடணும். ஆணி அடிச்ச செருப்பு ஆகாது. வாசல்ல ஒரு செம்புத் தகடு வெச்சிருக்கும், அதுல உள்ளங்கைய வெச்சு எடுத்துட்டுத்தான் உள்ள காலெடுத்து வைக்கணும். உடம்புல இருக்கற மின்சாரம் அதுல இறங்கிடும். இல்லன்னா ஒரு சின்னப் பொறி போதும், எல்லாம் முடிஞ்சுது. காளிக்கு அது எப்படிப் பழகிப் போச்சுன்னா, வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடியும் கதவுக் கொண்டியத் தொட்டுட்டுத்தான் போவான். கோயிலுக்குப் போனாலும் தொடுவான். சினிமாக் கொட்டகையில போய் எதையோ தடவிக்கிட்டு நின்னு, ஒரு பொம்பள சண்டைக்கே வந்துட்டா. அத நினைச்சு நினைச்சு நாங்க சிரிச்சிருக்கோம்.

அவனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப நானும் கூடப் போனேன். பொண்ணு பேரு மாரிக்கனி. இன்னிக்கு என்னைய வராதீங்கன்னு சொன்னது அந்த மாரிக்கனிதான். அவ அப்பா பட்டாசு ஷெட்டு பத்தி எரிஞ்சதுல போனவரு. அப்ப அவளுக்கு ஒன்பதோ பத்தோ வயசு. அதனால வீட்டுல கண்டிஷன் போட்டுட்டாங்க, மருந்து வேலை பாக்கற மாப்பிள்ளைக்குப் பொண்ணு கிடையாது. ஊருல பாதிப் பேரு அந்த வேலைதான், அப்ப யாருக்குக் குடுக்கறது? அந்த நேரத்துல ஹைதராபாத்ல சென்ட்ரல் கவர்மென்ட் மாப்பிள்ளைன்னதும் வாயெல்லாம் பல்லு. என்ன வேலைன்னு கேட்டாங்க. ஸ்டோர்ஸ்ல போல்ட்டு நட்டு எண்ணிக் குடுக்கற வேலைன்னான் காளி. ஆமாம்மா, ஸ்டோர்ஸ்தான்னு நானும் சொன்னேன். அது பொய்யில்ல சார். அப்படித்தான் சொல்லணும். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்ல மாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் உள்ளயே விடுவான். என் பொண்டாட்டி தனத்துக்கே நான் என்ன செஞ்சேன்னு ரிட்டையர் ஆனப்புறம் பேப்பரப் பாத்துத்தான் தெரியும்.

நல்லாத்தான் இருந்தாங்க. ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு. மாரிக்கனி சூட்டிகையான பொண்ணுதான், ஆனா விவரம் பத்தாது. ஒண்ணும் கேக்க மாட்டா. புருஷன் அழுக்குச் சட்டைய முகர்ந்து பாப்பாளாம், அப்புறம் எதுவும் பேசாம ஊற வெச்சுருவாளாம். தனம் சொல்லுவா, 'அவளுக்குப் புருஷன் மேல சந்தேகம் போலருக்கு, வேற பொம்பள வாசம் வருதான்னு பாக்கறா'ன்னு. அத நான் காளிகிட்டச் சொல்ல, அவன் மட்டும் சிரிக்கல.

அப்புறம் அந்தக் கோடை வந்துச்சு. முதல் ராக்கெட்டு விடப் போறோம். தேதி குறிக்கறான், தள்ளி வைக்கறான். குறிக்கறான், தள்ளி வைக்கறான். பேப்பர்க்காரன் கார்ட்டூன் போட்டுச் சிரிக்கறான். மேல இருக்கறவங்க யாருக்கும் தூக்கமில்ல, எங்களுக்குச் சோறு தண்ணி இல்ல. ஒரு குழாய்ல இறுகுன மருந்து வாய்ப்பக்கம் கொஞ்சம் மேடு தட்டியிருந்துச்சு. அதச் சீவிச் சமப்படுத்தணும். அது காளி கை. அவனப்போலச் சீவ ஆள் கிடையாது.

சத்தம்கூட வரல சார். வெடிக்கல. எரிஞ்சுது. நான் அடுத்த கட்டடத்துல இருந்தேன், சுவரெல்லாம் வெள்ளையாத் தெரிஞ்சுது, அவ்வளவுதான். ஓடிப்போய்ப் பாத்தப்ப அவன் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தான். நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். அத நான் இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

மிலிட்டரி ஆஸ்பத்திரியில ஒரு தனி ரூம்ல போட்டாங்க. எங்க பிரிவுத் தலைவரு சக்கரவர்த்தி சார், பெங்காலிக்காரரு. நல்ல மனுஷன். என்னையக் கூப்பிட்டு, 'லிங்கம், நீ ஒருத்தன் மட்டும் கூட இரு. வெளிய தெரிஞ்சா வேலையே நின்னு போகும். ஊரு உலகமே பாத்துக்கிட்டிருக்கு'ன்னு சொன்னாரு. சொல்றப்ப அவரு கண்ணுல தண்ணி. வீட்டுக்குச் சொல்ல வேணாமான்னு கேட்டேன். நான் கேக்காம இல்ல சார், கேட்டேன். ஒரிசாப் பக்கம் டூர் போயிருக்கான்னு சொல்லிரு, பிழைச்சு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னாரு.

கூட இருந்தேன். அவனுக்கு நினைவு இருந்துச்சு. அதுதான் கொடுமை. கண்ண மூடிக்கிட்டே கேப்பான், 'அவ வந்துட்டாளா?'

'வந்துக்கிட்டிருக்கா'ம்பேன்.

எங்க வர்றது? குவார்ட்டர்ஸ் அங்கருந்து ஒரு பீடி பிடிக்கற தூரம். மத்தியானம் துணி மாத்த நான் வீட்டுக்கு வருவேன். அவ கொடியில பிள்ளைத் துணி காயப் போட்டுக்கிட்டிருப்பா. 'அண்ணே, டூர் போனவரு எப்ப வருவாரு?'ன்னு கேப்பா. 'வந்துக்கிட்டிருக்கான்மா'ம்பேன். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனா அவன் கேப்பான், 'வந்துட்டாளா?' 'வந்துக்கிட்டிருக்கா.' ரெண்டு பக்கமும் நான்தான் சார் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன். ரெண்டு பக்கமும் நம்புனாங்க.

போயிட்டான்.

சக்கரவர்த்தி சாரு என்ன சொல்லணும்னு சொல்லிக் குடுத்தாரு. டூர் போற வழியில ஜீப் மேல லாரி மோதிருச்சு, சம்பவ இடத்திலேயே உயிர் பிரிஞ்சுது, வலி தெரியல. தமிழ்ல சொல்றதுக்கு நான்தானே இருக்கேன். போய்ச் சொன்னேன். சொன்னதத்தான் சொன்னேன், ஒரு வார்த்த கூட்டல, குறைக்கல.

பெட்டிய ஆணி அடிச்சு மூடித்தான் கொண்டு வந்தாங்க. மாரிக்கனி தெறக்கச் சொல்லல. விழுந்து புரளல. பெட்டி மேல முகத்த வெச்சுக்கிட்டு அப்படியே இருந்தா. ரொம்ப நேரம். அப்புறம் நிமிர்ந்து என்னையப் பாத்து, 'லாரி மோதுனா இந்த வாசமாண்ணே வரும்?'னு கேட்டா. புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு தனத்துகிட்டச் சொல்லிக் கொஞ்சம் காப்பி குடுக்கச் சொன்னேன். பாவம், சின்ன வயசு.

கொஞ்ச நாள்ல ராக்கெட்டு போச்சு. ஒரிசாக் கடற்கரையில நின்னு பாத்தேன். நெருப்பக் கக்கிக்கிட்டு எந்திரிச்சு, நேரா, ஒரு கோணல் இல்லாம போச்சு. அவன் சீவி முடிச்சுக் குடுத்த குழாயெல்லாம் அதுலதான் இருந்துச்சு. பெரிய பெரிய ஆளெல்லாம் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. யாரோ என் வாயில ஒரு லட்டத் திணிச்சாங்க. முழுங்க முடியல சார். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. எல்லாரும் ஆனந்தக் கண்ணீருன்னு நினைச்சாங்க. நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும்.

மாரிக்கனிக்கு அங்கயே வேலை தர்றோம்னாங்க. வேணாம்னுட்டா. பிள்ளையத் தூக்கிக்கிட்டு சிவகாசிக்கு வந்து ஒரு காலண்டர் பிரஸ்ல சேர்ந்துட்டா. அங்கயே ஓடுச்சு வாழ்க்கை. பிள்ளைய டீச்சருக்குப் படிக்க வெச்சா. நான் ஒவ்வொரு வருஷமும் அவன் நினைவு நாளைக்கு வந்துருவேன். ஒரு வருஷம் விட்டதில்ல. கூடப் பொறந்தவன்கூட இப்படி வரமாட்டான். எனக்குன்னு தனியா கூட்டு, பொரியல், பாயசம் எல்லாம் வெச்சு இலை போடுவா. நான் சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவுனதும் எதுக்க உக்காந்து அதே கேள்வியக் கேப்பா.

'அண்ணே, அவரு ஒரு வார்த்தையும் சொல்லலையா?'

'இல்லம்மா. அந்த இடத்துலயே.'

'எந்த ஊருக்கிட்டண்ணே அது?'

'விஜயவாடா தாண்டி.'

'போன வருஷம் சீகாகுளம்னீங்க.'

அவளுக்கு ஞாபகம் பத்தாது. நான் சீகாகுளம்னு சொல்லியே இருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் அதுவும் அந்த வழியில உள்ளதுதான், என்ன பெரிய குத்தம்? ஒரு வருஷம் கேட்டா, 'லாரில என்ன லோடுண்ணே?'ன்னு. இதெல்லாம் ஒரு கேள்வியா? நெல்லுன்னு சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டா. அப்புறம் பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்துனா. அப்படிப்பட்ட மனுஷி.

போன வருஷம் எல்லாம் மாறிப் போச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு கல்லு நட்டாங்க. இத்தன வருஷத்துல பணியில உயிர விட்டவங்க பேரெல்லாம் வெட்டி, குடும்பத்தையெல்லாம் கூப்பிட்டுச் சால்வை போட்டாங்க. மாரிக்கனியும் அவ மகளும் வந்திருந்தாங்க. ஒரு சின்னப் பொண்ணு, புதுசா வந்த ஆபீசர், மைக்கப் பிடிச்சு ஒவ்வொருத்தரப் பத்தியும் இங்கிலீஷ்ல வாசிக்குது. காளிராஜன், எரிபொருள் பிரிவு, தீ விபத்து, பல நாள் ஆஸ்பத்திரியில உயிருக்குப் போராடி. அப்படியே படபடன்னு வாசிச்சுருச்சு சார். நான் இத்தன காலம் பல்லக் கடிச்சுக்கிட்டுக் காப்பாத்துனத, அந்தப் பிள்ள ஒரு மடக்குத் தண்ணியக் குடிச்சுட்டு வாசிச்சு முடிச்சிருச்சு. எனக்கு ஒரு வார்த்த முன்கூட்டிச் சொல்லல. சொல்லணுமா இல்லையா?

மக அம்மா காதுல தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு. மாரிக்கனி அழல. கூட்டத்துல என்னையத் தேடிக்கிட்டு வந்தா. 'தீ விபத்துங்கறது இருக்கட்டும். பல நாளு இருந்தாராண்ணே?'ன்னா. 'நீங்க போய்ப் பாத்தீங்களா?'ன்னா. சுத்தி எல்லாரும் நிக்கறாங்க, ஆபீசருங்க நிக்கறாங்க. 'அதெல்லாம் இங்க பேசக்கூடாதும்மா'ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வேற என்ன சொல்றது?

சரி, அது முடிஞ்சுதுன்னு நினைச்சு இன்னிக்கு வழக்கம்போல வந்தேன். வாங்கண்ணேன்னா. தண்ணி குடுத்தா. இலை போடல. அடுப்பு பத்த வெச்ச மாதிரியே தெரியல. படத்துக்கு மட்டும் மாலை போட்டிருந்துச்சு. உக்காந்து, வழக்கமான கேள்வியக் கேட்டா. ஆனா குரல் வழக்கமா இல்ல.

'இப்பவாச்சும் சொல்லுங்கண்ணே. நீங்கதான் கூட இருந்தீங்க, எனக்குத் தெரியும். என்ன சொன்னாரு?'

நான் சொன்னேன், 'கல்லுல என்ன போட்டிருக்கோ, மைக்ல என்ன சொன்னாங்களோ, அவ்வளவுதாம்மா வெளிய சொன்னது. அதுக்கு மேல பேச எனக்கு உத்தரவு இல்ல.' நான் சொன்னதுல என்ன தப்பு சார்? விபத்த வெளியிட்டாங்க. ஆஸ்பத்திரிய வெளியிட்டாங்க. உள்ள நடந்த பேச்ச வெளியிடலையே. நீ இனிமே பேசலாம்னு எனக்கு யாராவது சொன்னாங்களா? சொல்லல. சக்கரவர்த்தி சாரும் போய்ச் சேர்ந்துட்டாரு. யாரப் போய்க் கேக்கறது?

அதுக்கு அவ, 'அவரு ஸ்டோர்ஸ்ல இருந்தாருன்னு நான் நம்புனேன்னா நினைச்சீங்க? கட்டிக்கிட்டுப் போன மறுநாளே தெரியும். கொண்டியத் தொட்டுட்டு வீட்டுக்குள்ள வர்ற ஆம்பளைய எங்க ஊருப் பொம்பளைக்கு அடையாளம் தெரியாதா? எங்கய்யாவும் அப்படித்தான் வருவாரு. சொன்னா அவரு சங்கடப்படுவாருன்னு நான் கேக்கல. அவரா ஒரு நாளு சொல்லுவாருன்னு இருந்தேன்'னா.

அழுகையில சொல்றது சார். அன்னிக்கே தெரிஞ்சவ அன்னிக்கே கேக்க மாட்டாளா? எல்லாம் நடந்து முடிஞ்சப்புறம் இப்படித்தான் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி பேசுவாங்க. நான் எதுத்துப் பேசல. மனசு நொந்தவகிட்டப் போய் வாதம் பண்ணிக்கிட்டு.

அப்புறம்தான் ஆரஞ்சத் தூக்கிக் கையில குடுத்தா. கை எடுத்துக் கும்பிட்டா. 'என் வீட்டுக்காரர எரிச்சது கவர்மென்ட்டா நெருப்பான்னு நான் கேக்கல. அது போகட்டும். எனக்குன்னு அவரு வெச்சுட்டுப் போனத நீங்க வெச்சுக்கிட்டிருக்கீங்க. இனிமே வராதீங்கண்ணே'ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. நான் என்ன வெச்சுக்கிட்டிருக்கேன்? ஒரு குண்டூசி எடுத்தவன் இல்ல சார் நான். வெயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தேன். வர்ற வழியெல்லாம் அவமானமா இருந்துச்சு. காளி இருந்திருந்தா இப்படி விட்டிருப்பானா?

என்ன சொன்னானா? நீங்களும் அதையே கேக்கறீங்களே.

சொல்றதுக்கு என்ன இருக்கு. கடைசி நாளு சாயந்தரம். அன்னிக்கு வந்துட்டாளான்னு கேக்கல. 'லிங்கம், அவள விடமாட்டாங்க, எனக்குத் தெரியும்டா. நீ சொல்லிரு'ன்னான். 'நான் ஸ்டோர்ஸ் இல்ல, மருந்துலதான் இருந்தேன்னு சொல்லிரு. பொய் சொல்லிக் கட்டிட்டேன், கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு. வேற யாராவது சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. நீ உன் வாயால சொல்லு'ன்னான். சரிடான்னேன். கையப் பிடிச்சுச் சொல்ல முடியல, எங்க தொட்டாலும் அவனுக்கு வலிக்கும். கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அதுக்கப்புறம் மாரின்னு ஒரு தடவை கூப்பிட்டான். அவ்வளவுதான்.

இத எப்படிங்க அவகிட்டப் போய்ச் சொல்றது? தாங்குவாளா அவ? வயசான காலத்துல நிம்மதியா இருந்துட்டுப் போகட்டுமே.

ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? அந்தா, திருமங்கலம் வந்துருச்சு, எந்திரிங்க. பைய மறந்துராதீங்க. உங்ககிட்டச் சொன்னதுல எனக்கு மனசு கொஞ்சம் லேசா இருக்கு. நல்லவேளை நீங்க யாரோ எவரோ. தெரிஞ்சவங்களா இருந்தா நான் வாயவே தெறந்திருக்க மாட்டேன்.